சிவப்பு வண்டிக்கு அடியில்

அன்றைக்குப் பண்ணைக் கொட்டகையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

அப்பா.

மாமா. அம்மாவின் தம்பி. பாபநாசத்தில் லாரி பட்டறையில் மெக்கானிக்.

பண்ணைக் காரியஸ்தர். கொட்டகைக்குள்ளேயே குடை பிடித்து நின்றார். கூரையில் அணில் இருந்ததாம், அதனால்.

கோயிலில் சாமி தூக்குகிற ஆட்கள்.

ஐயா. பண்ணைக்குச் சொந்தக்காரர். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்தான் இருந்தார்.

நான். பத்து வயசு.

அம்மா வரவில்லை. நாத்தங்கால் வேலைக்குப் போயிருந்தாள்.

இதில் இன்றைக்கு உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். இப்போது சொன்னால் யாருக்கும் எதுவும் ஆகாது.

நம் வயசுக்காரர்களுக்கு மாப்பிள்ளை அழைப்பு வண்டி தெரியும். மேலே கூரை இல்லாத பிளசர் கார். பிள்ளையார் கோயிலில் இருந்து பெண் வீடு வரைக்கும் மாப்பிள்ளை அதில்தான் வருவார். முன்னால் நாயனம், பக்கத்தில் காஸ் லைட்டு, வண்டி நிறைய சின்னப் பிள்ளைகள். உங்களில் சிலர் மாப்பிள்ளையாகவே அதில் உட்கார்ந்திருப்பீர்கள். வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஐயாவிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது. சிவப்பு. சீட்டெல்லாம் தோல். கூரை துணியில் இருக்கும், பின்னால் மடிந்து கிடக்கும். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே அதற்கு டிரைவர். பிறகு ஐயா மூடின வண்டி ஒன்று வாங்கினார். அதை அவர் மகனே ஓட்டினார். சிவப்பு வண்டி கொட்டகைக்குப் போனது. அப்பா வீட்டுக்கு வந்தார்.

அப்போதுதான் அம்மா தன் பங்கு நிலத்தை விற்றாள். மூணு மா. ஒரு ஏக்கர் வரும். ஆற்றுப் பாசனம், முப்போகம் விளைந்த இடம். அந்தப் பணத்தில் அப்பா பழைய பிளசர் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டினார். கறுப்பு. தகரக் கூரை. பிரசவத்துக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, கோர்ட்டுக்குக் கும்பகோணம், மொட்டை போட வைத்தீசுவரன் கோயில். எங்கள் சோறு அதில்தான் வந்தது. என் பள்ளிக்கூடமும் அதில்தான்.

அம்மா அதைக் கார் என்று சொல்ல மாட்டாள். "என் மூணு மா எங்க நிக்குது?" என்பாள். "மூணு மா இன்னைக்கு ஓடுச்சா?" என்று அப்பாவிடம் கேட்பாள். ஓடினால் மீன் வாங்குவோம்.

அந்த வண்டியை அப்பா துடைத்து நான் பார்த்ததில்லை. துடைப்பது என் வேலை. ஆனால் அமாவாசைக்கு அமாவாசை அப்பா பண்ணைக் கொட்டகைக்குப் போய்ச் சிவப்பு வண்டியைத் துடைத்துவிட்டு வருவார். யாரும் கூப்பிட்டுப் போனதில்லை. கூலியும் இல்லை. தேங்காய் எண்ணெய் கொண்டுபோவார், தோல் சீட்டுக்கு. எங்கள் தலைக்கு எண்ணெய் இல்லாத நாட்களும் உண்டு.

கொட்டகையில் ஒரு தப்பு நடந்துவிட்டது. உரம் வந்த காலம் அது. மூட்டை மூட்டையாக வெள்ளை உரம் வந்து இறங்கியது. காரியஸ்தர் அதைக் கொட்டகையில் அடுக்கச் சொன்னார். இடம் போதாமல் வண்டிக்கு அடியிலும் தள்ளினார்கள். மழையில் மூட்டை கசிந்தது. இரண்டு மூன்று வருஷம் அப்படியே கிடந்தது. மேலே அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கீழே உரம் இரும்பைத் தின்றுகொண்டிருந்தது.

ஐயாவின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை குத்தாலம். திறந்த வண்டியில்தான் அழைக்கணும் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். "வாடகை வண்டியா? நம்ம வண்டி இருக்கையில?" என்றார் ஐயா. அப்பாவுக்கு ஆள் வந்தது. அப்பா மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் ஓடினேன்.

மாமா கீழே படுத்து ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்து குத்தினார். அது உள்ளே போய்விட்டது. ஊறிய அட்டையில் போவது மாதிரி.

"சேஸ் போச்சு அத்தான்" என்றார். "பாடி நல்லாருக்கு. கீழ ஒண்ணுமே இல்ல. நாலு அடி ஓட்டினா நடுவுல ஒடிஞ்சு உக்காந்துரும்."

சேஸ் என்றால் வண்டியின் எலும்பு. இரண்டு நீளமான இரும்புச் சட்டம். சக்கரம், இன்ஜின் எல்லாம் அதில்தான் இருக்கும். நாம் பார்க்கிற கதவு, சீட்டு, பளபளப்பு எல்லாம் பாடி. அதன் மேல் தூக்கி வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"வேற சேஸ் கெடைச்சா?" என்று கேட்டார் அப்பா.

"கெடைச்சா வைக்கலாம். இந்தக் காலத்துல எங்க கெடைக்கும்?"

"நம்மளது இருக்கே" என்றார் அப்பா.

மாமா அடியில் இருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி அப்பாவைப் பார்த்தார். 

அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சு. மாமாவும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர்கள் அம்மா போய்விட்டாள். எங்கள் அம்மாதான் அவரை வளர்த்தாள். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் இங்கேதான் சோறு.

"மூணே நாளு" என்றார் அப்பா. "நம்ம பாடியை எறக்கி வச்சுட்டு சிவப்புப் பாடியை ஏத்துறோம். கல்யாணம் முடிஞ்சு மூணா நாளு மறுபடி மாத்திடுறோம். ஐயா நாலு டயரும் புதுசா வாங்கிப் போடுறேன்னாரு."

"அதுவரைக்கும் ஒலைக்கு?"

"நெல்லு அளந்துடுவாரு."

அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். அப்பாவைக் கேட்கவில்லை. மாமா பக்கம் திரும்பினாள்.

"தம்பி. நீ சொல்லு. திரும்பி வருமா?"

"வரும் அக்கா. என் கையாலதான் எறக்கப் போறேன். என் கையாலயே ஏத்திடுறேன்."

"அப்பச் சரி" என்றாள் அம்மா. அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டு போட்டாள். அப்பாவுக்குப் போடவில்லை. அப்பா சிரித்தார். "வாக்கு குடுத்தவனுக்குத்தான் மீனா?" என்றார்.

பாடியைத் தூக்குவதுதான் பெரிய பாடு. பட்டறையில் செயின் கப்பி இருந்தது. கொட்டகையின் உத்தரம் அதைத் தாங்காது. அப்பாதான் யோசனை சொன்னார். கோயிலில் சாமி தூக்குகிற ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோரும் ஒரே சீராக அசைவது அவர்களுக்குத்தான் வரும்.

கொட்டகைக்கு ஓட்டி வந்திருந்த எங்கள் வண்டியின் ஜன்னல் வழியே சப்பரத்து மூங்கில் இரண்டைக் குறுக்கே விட்டார்கள்.

"இதுக்குள்ள என்ன சாமி இருக்கு?" என்று கேட்டார் முன்னால் நின்றவர்.

"பெட்ரோல் சாமி" என்றார் மாமா. "பீடியைக் கீழ போடுங்கண்ணே."

"பிரசாதம் உண்டா?"

"காரியஸ்தர் குடுப்பாரு."

"அவரு சாமிக்கே குடுக்க மாட்டாரு."

காரியஸ்தர் குடையை வேறு பக்கம் சாய்த்துக்கொண்டார். ஐயா சிரித்தார். அதன் பிறகுதான் எழுந்து போனார்.

பன்னிரண்டு போல்ட்டையும் மாமா இரண்டு நாளாக மண்ணெண்ணெயில் ஊற வைத்திருந்தார். கழற்றிக் கழற்றி என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. நான் அதைத் துணியில் துடைத்து பிஸ்கட் டின்னில் போட்டேன். மூடியில் இரண்டு கிளி படம் போட்ட டின்.

"ஒண்ணு கொறைஞ்சாலும் மருமவளைத்தான் அந்த ஓட்டையில வச்சு முறுக்குவேன்" என்றார் மாமா.

எங்கள் கறுப்புப் பாடி தோளில் ஏறியது. ஆட்கள் கொட்டகையில் இருந்து தெரு வழியாக நடந்தார்கள். சக்கரம் இல்லாமல் கார் போவதை ஊர் நின்று பார்த்தது. ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் செங்கல் அடுக்கி அதன் மேல் இறக்கினார்கள். ஸ்டியரிங் சேஸோடு போய்விட்டது. இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. கதவு மட்டும் எப்போதும் போல் சாத்தியது. அதே சத்தம்.

திரும்பிப் போய்ச் சிவப்புப் பாடியைத் தூக்கினார்கள். கூரை இல்லாத பாடி தூக்கினால் நடுவில் தொய்யும். மாமா இரண்டு பக்கக் கதவையும் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார். இறக்கினார்கள். ஆட்கள் தோளைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். காரியஸ்தரும் போய்விட்டார். அப்பா, மாமா, நான்.

நான் அங்கேதான் இருந்தேன். ஒளிந்து கேட்கவில்லை. கீழே விழுந்த ரப்பர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஆளாக எண்ணவில்லை.

மாமா முன் பக்கம் குனிந்து பார்த்தார். பின் பக்கம் போய்ப் பார்த்தார். கையை விரித்து அளந்தார்.

"அத்தான். ஒரு சாண் கம்மி."

"எது?"

"நம்ம சேஸு. முன்னாடி ஓட்டை சேருது. பின்னாடி சேரல. இது நீளமான பாடி."

"என்ன செய்யணும்?"

"நடுவுல வெட்டணும். பட்டை வச்சு ஒரு சாண் நீட்டணும். வெட்டிட்டா அப்பறம் நம்ம பாடி அதுல உக்காராது. வேணாம். ஐயாகிட்ட சொல்லிடுவோம். கும்பகோணத்துல வாடகைக்கு வண்டி இருக்கு."

அப்பா சிவப்பு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவின் மேல் கை வைத்தபடியே வந்தார். மாட்டைத் தடவுகிற மாதிரி.

"வெட்டு" என்றார்.

"அத்தான்."

"வெட்டுடா மச்சான்."

"அக்காவுக்குச் சொல்லியிருக்கேன்."

"ஐயா இதைப் பொண்ணுக்குச் சீராக் குடுக்கிறாரு. குத்தாலத்துக்குப் போவுது. நானும் கூடப் போறேன். டிரைவரா. மாசச் சம்பளம், உடுப்பு, எல்லாம் பேசியாச்சு."

"எப்ப?"

"போன மாசம்."

மாமா கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அப்ப மூணா நாளுன்னு அக்காகிட்ட சொன்னது?"

"வேற எப்படிச் சொன்னா விடுவா?"

"அது அக்காவோட நிலம் அத்தான்."

"நெலமா? எட்டு வருஷமா ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் ஓட்டுறேன். வாந்தி கழுவுறேன். அது ஒரு வண்டியாடா?" அப்பா சிவப்பு வண்டியைக் காட்டினார். "இதுதான் வண்டி."

"நான் வெட்ட மாட்டேன்."

"நீ வெட்டாட்டி வேற ஆளைக் கூப்பிட்டு வெட்டுவேன். அவன் கோணலா ஒட்டுவான். வழியில ரெண்டா ஒடிஞ்சா உள்ள இருக்கிறது யாரு? நான். அப்ப ஒன் அக்கா கதி என்ன? யோசிச்சுக்க."

மாமா ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கார்பைடு டிரம்மில் தண்ணீர் ஊற்றினார். அந்த நாற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அழுகின பூண்டு மாதிரி. இன்றைக்கும் எங்காவது வெல்டிங் கடை தாண்டும்போது அது வந்தால் நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன்.

"இந்த போல்ட்டு இனிமே எதுக்கு?" என்று மாமா டின்னைக் காலால் தள்ளினார்.

அப்பா அதை எடுத்தார். மூடினார். என் கையில் கொடுத்தார்.

"ஆயி, இதை அம்மாகிட்ட கொண்டு போய்க் காட்டு. பத்திரமா வச்சிருக்கணும். நம்ம பாடியைத் திரும்ப ஏத்தும்போது வேணும். அப்படின்னு சொல்லு."

நான் கொண்டு போனேன். அப்படியே சொன்னேன். வெட்டினால் என்ன, மறுபடி ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். மாமா எதையும் ஒட்டுவார். அம்மா டின்னைக் குலுக்கிப் பார்த்தாள். நெல் குதிருக்குப் பின்னால் வைத்தாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தால் அம்மா நம்புவாள் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. இது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது.

மாப்பிள்ளை அழைப்பு நன்றாக நடந்தது. மாமா ஒட்டின ஒட்டு அப்படி. சிவப்பு வண்டி பிள்ளையார் கோயில் முனையில் திரும்பி வந்தது. மாப்பிள்ளை கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். சம்பங்கி மாலை, ரோஜா மாலை. பின் சீட்டில் பிள்ளைகள் மேலே மேலே ஏறி இருந்தார்கள். அப்பா வெள்ளை உடுப்பு, தலையில் தொப்பி. நேராகப் பார்த்து ஓட்டினார். அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை. கல்யாண மாப்பிள்ளை அப்பாதான் என்று தோன்றியது.

நானும் அம்மாவும் கோயில் மதில் ஓரம் நின்றோம். எங்களை ஏறச் சொல்ல யாரும் இல்லை. அப்பா திரும்பவில்லை. வண்டி மெதுவாகத் தாண்டும்போது இன்ஜின் இரண்டு தடவை இருமியது. எங்கள் வண்டி இருமல். எனக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அம்மாவுக்கும் தெரிந்தது. என் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"கேட்டியா? மேலதான் பட்டு. அடியில என் மூணு மா போவுது" என்றாள்.

அவள் குரலில் பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் தாலி கட்டு முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் அதே வண்டியில் குத்தாலம் கிளம்பினார்கள். சீர் சாமான்கள் மாட்டு வண்டியில் முன்னால் போயின. "கொண்டு விட்டுட்டு வந்துடுறேன்" என்று அப்பா ஆள் வழியாகச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் அம்மா விடியும் முன்பே எழுந்தாள். கொல்லையைக் கூட்டினாள். கறுப்புப் பாடியைச் சுற்றி இருந்த எருமுட்டையை அப்புறப்படுத்தினாள். உள்ளே புகுந்திருந்த கோழியை விரட்டினாள். சாமி தூக்கும் ஆட்களுக்கு அவளே சொல்லி அனுப்பியிருந்தாள். அவர்களுக்குச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். ஆட்கள் மூங்கிலோடு வந்தார்கள். காத்திருந்தார்கள். போல்ட் டின் முற்றத்தில் ஒரு மனைப்பலகை மேல் இருந்தது. சாப்பிட்டார்கள். மறுபடியும் காத்திருந்தார்கள்.

"சேதி ஏதும் தெரியுமாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"வந்துரும். எந்தம்பி சொல்லியிருக்கான்."

பொழுது சாய்ந்ததும் மூங்கிலை எடுத்துக்கொண்டு போனார்கள். காரியஸ்தர் வழியில் அவர்களைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: அந்த வண்டி சீராகப் போய்விட்டது, தெரியாதா என்று. ஒருவர் திரும்பி வந்து அம்மாவிடம் அதைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மகளுக்குக் கொடுத்த சீரைத் திரும்பக் கேட்க முடியாது. நம் பக்கத்தில் அது கிடையாது. வீடு இடிந்தாலும் கேட்க மாட்டோம். ஐயாவுக்கு அது தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் அந்த வழியைப் பிடித்தார்கள். இன்னொருவர் இரும்பு அதற்குள் இருக்கிறது என்று யார் போய்ச் சம்பந்தி வீட்டில் சொல்வது?

பத்து நாள் கழித்து அப்பா பஸ்ஸில் வந்தார். உடுப்போடு வந்தார். அம்மா மாமாவையும் வரச் சொல்லியிருந்தாள். மாமா சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றார். கேரியரில் எனக்கு ஒரு பை முறுக்கு இருந்தது.

"என் மூணு மா எங்கங்க?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள். கத்தவில்லை.

அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"நான் என்ன செய்யட்டும்? ஒந்தம்பி சேஸை வெட்டிப்புட்டான். ஒரு வார்த்தை கேக்கல. நான் வந்து பாக்கையில ரெண்டா கெடக்கு. வெட்டினதை வச்சு நான் என்ன பண்றது? ஐயாதான் போனாப் போவுதுன்னு வேலையாவது குடுத்தாரு."

 மாமா சைக்கிள் மணியைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். "அப்பாதான் வெட்டச் சொன்னாரு. நான் இருந்தேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவை. அப்பா என்னையே பார்த்தார்.

"சின்னப் புள்ள. என்னத்தக் கண்டுச்சு?" என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சொன்னால் போதும். அவருக்குத் தெரியும்.

"பாப்பாவுக்குத் தெரியாது அக்கா" என்றார் மாமா. "நான்தான் வெட்டினேன். கேக்காமத்தான் வெட்டினேன்."

அம்மா என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "பெத்த அப்பனைப் பத்தி இப்படித்தான் பொய் சொல்லுவியா?" என்றாள். அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததே இல்லை.

பிறகு மாமாவிடம் சொன்னாள். "ஒன்னை நான் புள்ளை மாதிரி வளத்தேன். இனிமே இந்த வாசப்படியில நிக்காத."

மாமா முறுக்குப் பையை எடுத்துப் படியில் வைத்தார். சைக்கிளைத் திருப்பினார். போய்விட்டார். அம்மா முறுக்கைக் கோழிக்குப் போட்டாள்.

அடுத்த வருஷம் நான் அஞ்சாவதோடு நின்றேன். அம்மாவோடு நடவுக்குப் போனேன். நான் பெரிய மனுஷியானபோது தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். மாமா புடவையும் பழத்தட்டும் ஆள் வழியாக அனுப்பினார். அம்மா தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினாள். யாரோ தூரத்துச் சொந்தம் குடிசை கட்டினார். கல்யாணத்திலும் அவர் இல்லை. கும்பகோணம் சாலையில் பஸ் நின்றபோது, எதிரே டீக்கடையில் அவர் நிற்பதைப் பார்த்தேன். கழுத்தில் மாலையோடு நான் இருந்தேன். அவர் கையைத் தூக்கவில்லை. கிளாசைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

அப்பா சிவப்பு வண்டியை ஒரு வருஷம் ஓட்டினார். பிறகு அந்த மாப்பிள்ளை புது வண்டி வாங்கினார். புது வண்டிக்குப் படித்த டிரைவர் வந்தார். சிவப்பு வண்டியை யாரோ வெளியூர்க்காரர் வாங்கிக்கொண்டு போனார். அடியில் இருந்த எங்கள் வண்டியும் அதோடு போனது. அப்பா வீட்டுக்கு வந்து டிராக்டர் கூலிக்கு ஓட்டினார். சாயங்காலம் கொல்லையில் கறுப்புப் பாடிக்குள் டிரைவர் இடத்தில் போய் உட்கார்வார். பிடிக்க ஸ்டியரிங் இல்லை. இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு எதிரே வைக்கோல் போரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா அங்கேயே டீ கொண்டுபோய்க் கொடுப்பாள். "பாவம், எந்தம்பியால கெட்டாரு" என்பாள். சாகும்வரைக்கும் அப்பா அதை மறுக்கவில்லை.

எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு ஒரு தடவை நான் வாழ்க்கைப்பட்ட திருப்பனந்தாளில் இருந்து பஸ் மாறி மாறிப் பாபநாசம் போனேன். மாமா அதே பட்டறையில்தான் இருந்தார். தலை நரைத்திருந்தது. பிள்ளைக்குப் பழைய பேரிங் ஒன்றை உருட்ட விட்டார்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

கையைப் பஞ்சில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னைத் திட்டினா ஒங்கம்மா நாலு நாளு அழுவா. அப்பறம் ஒங்கப்பாவுக்குச் சோறு போடப் போயிடுவா. அவரைத் திட்டினா எங்க போவா? நெலமும் இல்ல. நான் இருந்ததே பட்டறை லாரிக்கு அடியில." பேரிங்கை மறுபடி பிள்ளை பக்கம் உருட்டினார். "அவங்க ரெண்டு பேரையும்தான் பாத்தேன். நீ மூணாவது ஆளு ஒருத்தி நிக்கிறதை நான் பாக்கல."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மாமா போனபோது அம்மா போகவில்லை. வீட்டில் தலைக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டாள்.

பிற்பாடு காயலான்கடைக்காரர் கறுப்புப் பாடியை எடைக்கு எடுக்க வந்தார். "இதோட போல்ட்டு ஏதும் இருக்காம்மா? நல்ல இரும்பு" என்று கேட்டார். "தொலைஞ்சு போச்சு" என்றாள் அம்மா.

கடைசிக் காலத்தில் அம்மா என்னோடுதான் இருந்தாள். ஒருநாள் தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டாள்.

"அன்னைக்கு நீ சொன்னியே. அது நெசமா?"

எது என்று நான் கேட்கவில்லை. சீப்பில் இருந்த முடியைச் சுருட்டினேன். மாமா இல்லை. அப்பா இல்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நெசம் என்றால் இனி அவள் யாரிடம் போய் நிற்பாள்?

"நான் சின்னப் புள்ளைம்மா. என்னத்தக் கண்டேன்?" என்றேன்.

 "கன்னம் ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அடுத்த தை மாதம் அம்மா போனாள். காரியம் முடிந்து ஊரில் பழைய வீட்டைக் காலி செய்தோம். குதிருக்குப் பின்னால் அந்த டின் இருந்தது. கிளி இரண்டும் அழிந்துவிட்டன. உள்ளே விளக்கெண்ணெய்த் துணி. போல்ட் ஒன்றிலும் துரு இல்லை. திருகினால் நட்டு இன்றைக்கும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வருஷா வருஷம் எண்ணெய் போட்டிருக்கிறாள்.

தரையில் கொட்டி எண்ணினேன்.

பன்னிரண்டு.